நீண்ட ஓட்டத்துக்குக் கணுக்கால் டேப்: எந்த முறை, எவ்வளவு நேரம் தாங்கும், எப்படிக் கட்டுவது

கணுக்கால் டேப் பற்றிய பாடங்கள் பெரும்பாலும் கூடைப்பந்து, கால்பந்து மைதானங்களில் உருவானவை. அங்கே ஆட்டம் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இடைவேளையில் பிசியோ மறுபடி கட்டிவிடுவார். மாரத்தான் ஓடுபவருக்கு நான்கைந்து மணி நேரம் தாங்க வேண்டும். மாரத்தானைவிட நீளமான மலைப்பாதை அல்ட்ரா ஓட்டம் என்றால் ஒரு பகலும் ஓர் இரவும் கூட ஆகலாம். எனவே எந்த முறையை எடைபோட்டாலும் இரண்டைக் கேளுங்கள்: மூன்றாவது மணி நேரத்தில் அதன் பிடிமானத்தில் எவ்வளவு மிஞ்சும்? அதற்குள் தோலும் பாதமும் என்ன பாடு படும்?

முதல் கேள்விக்கான பதில் பலருக்கு ஏமாற்றம் தரும். 1962-இல் ரேரிக்கும் அவருடன் இருந்த ஆய்வாளர்களும் அளந்து பார்த்தபோது, வழக்கமாகக் கட்டிய டேப் 10 நிமிடக் கடும் உடற்பயிற்சியிலேயே தன் பிடிமானத்தில் சுமார் 40 சதவீதத்தை இழந்திருந்தது. ஆனாலும் டேப் வீண் இல்லை. 1973-இல் காரிக், ரெக்வா இருவரும் கூடைப்பந்து வீரர்களிடம் நடத்திய ஆய்வில் டேப் கட்டியவர்களுக்குச் சுளுக்கு குறைந்தது, அதிலும் ஏற்கெனவே சுளுக்கியவர்களுக்கே பலன் அதிகம். கால் பிரளும் வேகத்துக்குத் தசை சுதாரித்து ஈடுகொடுப்பதில்லை. அதனால் பாதம் தரையைத் தொடும் நொடியில் அது சரியான கோணத்தில் இருப்பதுதான் காப்பாற்றும். தளர்ந்த டேப்பும் இரண்டு வேலைகளைச் செய்கிறது: பாதத்தை அந்தக் கோணத்தின் பக்கம் வைத்திருக்கிறது, பிரண்டாலும் எல்லை வரை போகவிடாமல் தடுக்கிறது.

ஆகவே இது முன்பு சுளுக்கிய கணுக்காலுக்கான வழிகாட்டி. ஒருமுறைகூடச் சுளுக்காத காலுக்கு டேப் கட்ட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை.

டேப்புக்கு முன் டாக்டர் யாருக்கு

புதிதாகச் சுளுக்கிய காலில் டேப் கட்டி ஓடுவது ஆபத்து. எக்ஸ்ரே தேவையா என்று முடிவு செய்ய அவசரப் பிரிவுகளில் பயன்படும் ஒட்டாவா விதிகளை ஓட்டக்காரரும் தெரிந்து வைத்திருக்கலாம். இரண்டு பக்கமும் புடைத்திருக்கும் கணுக்கால் எலும்புகளின் பின் விளிம்பில், நுனியிலிருந்து மேல்நோக்கி 6 செ.மீ. வரை எங்கேயாவது எலும்பை அழுத்தினால் வலி, சுண்டுவிரல் நீளெலும்பின் அடிப்பகுதியில் வலி, பாதத்தின் உட்பக்க மேட்டில் இருக்கும் நாவிகுலர் எலும்பில் வலி, அடிபட்ட உடனேயும் பிறகும் நான்கு அடி எடுத்து வைக்க முடியாமை: இவற்றில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். வலி கணுக்காலுக்கு மேலே, இரண்டு கால் எலும்புகளுக்கு நடுவே முன்பக்கம் இருந்தால் அது வேறு வகைக் காயம். கீழே சொல்லும் எந்தக் கட்டும் அதற்கு உதவாது.

எந்தப் பக்கத்தைக் காக்கிறோம்

பெரும்பாலான சுளுக்குகளில் உள்ளங்கால் உட்பக்கமாகத் திரும்பும், குதிகாலும் உள்ளே சாயும். அப்போது வெளிப்பக்கக் கணு எலும்பின் (இனி வெளிக்கணு) முன் விளிம்பிலிருந்து முன்னோக்கிப் போகும் லிகமென்ட் (எலும்புகளைப் பிணைக்கும் நார்) முதலில் கிழியும். விரல்நுனி கீழ்நோக்கி இருக்கும்போது அதன் மேல் இழுவிசை மிக அதிகம். இறக்கத்தில் வேரோ கல்லோ தட்டி இடறும்போது கால் பிரள்வது இதனால்தான். அடுத்து சேதப்படுவது வெளிக்கணுவிலிருந்து குதிகால் எலும்புக்கு இறங்கும் லிகமென்ட். இதனால் எல்லா முறைகளிலும் ஒரே விதி: இழுப்பு உட்பக்கத்திலிருந்து தொடங்கி, பாதத்தின் அடியில் வந்து, வெளிப்பக்கம் மேல்நோக்கி முடிய வேண்டும். திசை மாறிவிட்டால் கட்டு பாதத்தை அது சாயும் பக்கமே இழுக்கும்.

வாங்க வேண்டியவை

38 மி.மீ. அகல, நீளாத சிங்க் ஆக்சைடு டேப். ஒரு ரோல் வழக்கமாக 13.7 மீட்டர், முழுக் கட்டுக்கு ஒரு காலுக்கு ஏறக்குறைய பாதி ரோல் ஆகும். 50 மி.மீ. நீளும் ஒட்டுப் பேண்டேஜ். நம் மருந்துக்கடைகளில் டைனாபிளாஸ்ட் என்று கேட்டால் கிடைப்பதும் இந்த வகைதான். அகலமாக இருந்தால் நீளவாக்கில் பாதியாக வெட்டிக்கொள்ளலாம். டேப்புக்கு அடியில் சுற்றும் மெல்லிய நுரை அண்டர்ராப் ஒரு ரோல், வாஸ்லின், இரண்டு சிறிய பஞ்சுத் துண்டுகள், ஒட்டும் ஸ்பிரே, முனை மழுங்கிய கத்தரிக்கோல்.

கிரேப் பேண்டேஜ் வீக்கத்தை அடக்குவதற்கானது. அதைச் சுற்றிக்கொண்டு ஓடுபவர்கள் நிறையப் பேர். பசை இல்லாததால் சில கிலோமீட்டருக்குள் சுருண்டு ஷூவுக்குள் மடிப்பாகிவிடும். பக்கவாட்டுப் பிடிமானமும் கிடையாது.

தோலைத் தயார் செய்தல்

முடியை முந்தைய நாளே மழித்துவிடுங்கள். காலையில் மழித்து உடனே டேப் ஒட்டினால் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் பசையும் வியர்வையும் சேர்ந்து எரியும். சோப்பால் கழுவி, முழுக்க உலர்த்தி, எண்ணெய், லோஷன் எதுவும் தடவாமல் விடுங்கள். பசையில் இருக்கும் ரோசின் பிசின் சிலருக்கு ஒவ்வாமை தரும். முதல்முறை என்றால் 5 செ.மீ. துண்டை முன்கையின் உட்பக்கம் 24 மணி நேரம் ஒட்டிப் பாருங்கள். சிவந்து அரித்தால் அந்த பிராண்டை விட்டுவிட வேண்டும்.

கட்டும்போது பாதம் காலுக்கு 90 பாகையில், நிற்கும்போது இருப்பதுபோல இருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து குதிகாலுக்குச் சற்று மேலே ஸ்டூலில் தாங்கவிட்டு, விரல்கள் கூரையைப் பார்க்க, பாதத்தை லேசாக வெளிப்பக்கம் திருப்பி வையுங்கள். தனியாகக் கட்டினால் ஒரு துண்டைப் பாதத்தின் முன்பகுதியில் மாட்டி முனையைத் தொடைக்கு அடியில் சொருகிக்கொள்ளலாம். நடுவில் கால் களைத்து விரல்கள் கீழே இறங்குவதுதான் பொதுவான பிழை. அப்படிக் கட்டியது நின்றவுடன் முன்பக்கத்தில் வெட்டும், பின்னால் தளரும்.

முறை 1: மூடிய பேஸ்கட்வீவ் (கூடைப் பின்னல்)

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நியூயார்க் அறுவை மருத்துவர் கிப்னி பரப்பிய கட்டின் வழித்தோன்றல் இது. கட்டிய நேரத்தில் இதைவிட உறுதியான டேப் முறை இல்லை.

1. பாதமும் காலும் சேரும் முன் வளைவிலும் குதிகாலுக்குப் பின்னால் ஏறும் குதிநாணின் மேலும் வாஸ்லின் தடவிய பஞ்சுத் துண்டை வையுங்கள். டேப் தோலை அறுப்பது இந்த இரண்டு இடங்களில்தான்.
2. ஸ்பிரே அடித்து, அண்டர்ராப் ஒரே ஒரு அடுக்கு, பாதத்தின் நடுவிலிருந்து கெண்டைத்தசை தொடங்கும் இடம் வரை. அடுக்கு கூடக்கூடக் கட்டு முழுவதும் தோலின் மேல் வழுக்கும். மேலும் கீழும் 2 செ.மீ. தோல் தெரியும்படி நிறுத்துங்கள். ஆங்கர் (மற்ற பட்டைகள் தொடங்கி முடியும் அடிப்படைப் பட்டை) நேராகத் தோலில் ஒட்ட வேண்டும்.
3. கணுவுக்கு மேலே சுமார் 12 செ.மீ. உயரத்தில் இரண்டு ஆங்கர்கள், ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறும்படி. பாதத்தின் நடுவில் ஒன்று. இவற்றில் இழுப்பே கூடாது. பாத ஆங்கர் ஒட்டும்போது விரல்களை விரித்து வையுங்கள். அது சுண்டுவிரல் பக்கம் புடைத்திருக்கும் எலும்பை அழுத்தக்கூடாது.
4. ஸ்டிரப்: மேல் ஆங்கரின் உட்பக்கம் தொடங்கி, உட்கணுவின் பின்விளிம்பு வழியாகக் குதிகாலின் அடியில் வந்து, வெளிப்பக்கம் பலமாக மேலே இழுத்து ஆங்கரில் முடியுங்கள்.
5. குதிரைலாடம்: பாத ஆங்கரின் உட்பக்கத்திலிருந்து கணுக்களுக்குக் கீழே குதிகாலைச் சுற்றி, வெளிப்பக்க ஆங்கரில் முடியும்.
6. ஸ்டிரப்பும் லாடமும் மாறி மாறி மூன்று முறை. ஸ்டிரப் ஒவ்வொன்றும் பாதி அகலம் முன்னே நகரும். லாடம் பாதி அகலம் மேலே நகரும். இந்தப் பின்னல்தான் பெயருக்குக் காரணம்.
7. ஹீல் லாக்: முன் வளைவில் தொடங்கி, உட்கணுவுக்கு மேலாகப் பின்னால் போய், குதிநாணைத் தாண்டி, குதிகாலின் வெளிப்பக்கத்தில் சரிவாக இறங்கி, அடியில் உட்பக்கம் வந்து, மேலேறி முன் வளைவில் முடியுங்கள். அடுத்தது இதற்கு நேரெதிர்ப் பக்கம். பக்கத்துக்கு இரண்டு.
8. பிகர் எயிட் (8 வடிவச் சுற்று): முன் வளைவிலிருந்து உட்பக்க வளைவுக்கு இறங்கி, அடியில் போய், வெளிப்பக்கம் இழுப்புடன் மேலேறி, முன் வளைவைக் கடந்து, காலின் பின்னால் சுற்றித் தொடங்கிய இடத்துக்கு வரும். ஒன்று போதும்.
9. மிஞ்சும் இடைவெளிகளைச் சுற்று டேப்பால் மூடி, ஆங்கர்களை மறுபடி பூட்டுங்கள். டேப்பின் ஓரம் எதுவும் தோலில் தளர்ந்து நிற்கக்கூடாது.

இந்த முறையின் பலவீனம் ஓட்டக்காரருக்கு நேராகத் தெரியும். முன்னும் பின்னும் மடங்குவதையும் இது ஓரளவு கட்டுப்படுத்துகிறது. ஒவ்வொரு அடியிலும் கணுக்கால் முன்னே மடங்கியாக வேண்டிய நீண்ட ஓட்டத்தில், அந்தத் தடையின் சுமை கெண்டைத்தசைக்கும் முழங்காலுக்கும் போகும். மேலும் இரண்டு மணி நேரத்தில் பாதம் வீங்கும், நீளாத டேப் அதற்கு இடம் தராது. சுளுக்குக்குப் பிறகு மறுபடி ஓடத் தொடங்கும் முதல் சில வாரங்களின் குறுகிய ஓட்டங்களுக்கும் 5, 10 கி.மீ. பந்தயங்களுக்கும் இதை வைத்துக்கொள்வது நல்லது.

முறை 2: கலப்புக் கட்டு

அரை மாரத்தானுக்கு மேல் போகும் எதற்கும் எங்கள் முதல் தேர்வு இது. பக்கவாட்டுப் பிடிமானத்தை நீளாத டேப் தருகிறது, சுற்றி வரும் பகுதியை நீளும் பேண்டேஜ் பார்த்துக்கொள்கிறது. பாதம் வீங்கினால் கட்டும் கூடவே விரியும்.

பஞ்சுத் துண்டுகளும் ஸ்பிரேயும் மேலே சொன்னதுபோலவே. அண்டர்ராப் வேண்டாம், தோல் தாங்குமானால். மேல் ஆங்கரை நீளும் பேண்டேஜால் போடுங்கள். அதன் மேல் 38 மி.மீ. டேப்பில் மூன்று ஸ்டிரப், உள்ளிருந்து வெளியே முழு இழுப்பில். லாடம், பாத ஆங்கர் இரண்டும் இல்லை. பிறகு நீளும் பேண்டேஜை ஒரே தொடர்ச்சியாக ஓடவிடுங்கள்: ஒரு பிகர் எயிட், வெளி ஹீல் லாக், உள் ஹீல் லாக், மறுபடி ஒரு பிகர் எயிட், கடைசியில் மேல் ஆங்கரில் முடிவு. வெளிப்பக்கம் மேலேறும்போது மட்டும் பேண்டேஜை அதன் நீட்சியில் பாதிக்கு மேல் இழுங்கள். முன் வளைவிலும் குதிநாணிலும் இழுப்பைத் தளர்த்திவிட வேண்டும். முனையை 38 மி.மீ. டேப் இரண்டு துண்டால் பூட்டுங்கள். நீளும் பேண்டேஜின் முனை தானாக உரிந்துகொண்டு வரும் குணம் உடையது.

உள்ளங்காலில் ஒவ்வொரு சுற்றும் முந்தையதன் மேல் பாதி ஏற வேண்டும், இடைவெளி கூடாது. அங்கே ஒரு நெல் அகல மடிப்பு இருந்தாலும் 10 கி.மீ.க்குள் கொப்புளம். மடிப்பு விழுந்தால் அழுத்தித் தேய்த்துச் சமாளிக்காமல், அந்தச் சுற்றைப் பிரித்து மறுபடி ஒட்டுங்கள்.

முறை 3: வெளிக்கணு எலும்பைத் தள்ளிக் கட்டும் மல்லிகன் முறை

நியூசிலாந்து பிசியோதெரபிஸ்ட் பிரையன் மல்லிகன் உருவாக்கியது. சுளுக்கிய சிலருக்கு வெளிக்கணு எலும்பு மிகச் சிறிதளவு முன்னே நகர்ந்திருக்கிறது, அதைப் பின்னே தள்ளிப் பிடித்தால் வலி குறையும் என்பது அவர் கருத்து. எலும்பு உண்மையிலேயே நகர்கிறதா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் பயன்படுத்திப் பார்ப்பது எளிது.

முதலில் மெல்லிய ஒட்டும் துணிப் பட்டை. அதன் மேல் சுமார் 25 செ.மீ. நீளத்தில் சிங்க் ஆக்சைடு டேப் இரண்டு துண்டு. வெளிக்கணுவின் முன்விளிம்பில் டேப்பின் முனையை ஒட்டி, ஒரு கையின் பெருவிரல் மேட்டால் எலும்பைப் பின்னோக்கியும் லேசாக மேல்நோக்கியும் தள்ளிப் பிடித்துக்கொண்டே, டேப்பைச் சரிவாகப் பின்பக்கம் சுற்றி, காலின் உட்பக்க முன்புறத்தில் முடியுங்கள். முனைகள் ஒன்றையொன்று தொட்டு முழு வளையமாகக் கூடாது. சரியாக அமைந்தால் குந்தும்போதோ ஒற்றைக்காலில் நிற்கும்போதோ இருந்த வலி அப்போதே குறையும். குறையவில்லை அல்லது கூடுகிறது என்றால் உங்களுக்கு இது பயன்படாது, கழற்றிவிடுங்கள்.

இதன் பெரிய சாதகம், பாதத்துக்கு அடியில் எதுவும் இல்லை. கொப்புளம் இல்லை, ஷூ அளவு மாறுவதில்லை. பிரள்வதை நேரடியாகத் தடுக்கும் பலம் மட்டும் குறைவு. தார்ச்சாலை மாரத்தானுக்கு ஏற்றது, கல்லும் வேரும் நிறைந்த பாதைக்கு இது மட்டும் போதாது.

முறை 4: கைனீசியாலஜி டேப்

1970-களில் ஜப்பானில் கென்சோ காசே உருவாக்கிய இந்த வண்ண டேப், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பலர் உடலில் தெரிந்த பிறகு எங்கும் பரவியது. ஒட்டும் முறை எளிது. மூலைகளை வட்டமாக வெட்டி, முனைகளில் 4 செ.மீ.யை இழுப்பின்றி விட்டு, ஸ்டிரப்பாக ஒன்று, பிகர் எயிட்டாக ஒன்று, நடுப்பகுதியில் மட்டும் பாதி இழுப்பு. ஒட்டியதும் சூடேறத் தேய்த்து, ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். மூன்று நாள் வரை குளித்தாலும் நிற்கும்.

ஆனால் நீளும் டேப், பிரளும் காலை எப்படித் தடுக்கும்? உடல் எடை அதன் மேல் விழும்போது அது நீண்டு கொடுத்துவிடும். சுளுக்கைத் தடுப்பதாக நம்பத்தக்க சான்று இல்லை. சிலருக்கு வலி குறைந்ததுபோல, கால் மேல் கவனம் கூடியதுபோல உணர்வு தருகிறது. அதற்காகப் பயன்படுத்துவதில் தவறில்லை. உறுதியில்லாத கணுக்காலுடன் மலைப்பாதைக்கு இதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

பிரேஸ்: டேப்போடு சேர்த்து எடைபோட வேண்டியது

கணுக்காலில் மாட்டி லேஸ் கட்டும் பிரேஸ் என்ற உறையும் மறு சுளுக்கைக் குறைக்கிறது; இந்த விஷயத்தில் அது டேப்புக்குச் சளைத்ததல்ல. தளர்ந்தால் தண்ணீர் நிறுத்தத்தில் உட்கார்ந்து ஒரு நிமிடத்தில் இறுக்கலாம், வேறு யார் கையும் தேவையில்லை. பலமுறை பயன்படுவதால் டேப்பைவிடச் செலவும் குறைவு. குறை என்னவென்றால் ஷூ அரை அளவு பெரிதாக வேண்டும், சென்னைப் புழுக்கத்தில் உள்ளே வியர்வை தேங்கி உரசும். கீழே மெல்லிய நீளச் சாக்ஸ் கட்டாயம்.

டிரையத்லான் வீரர்களுக்கு எங்கள் பரிந்துரை பிரேஸ்தான். நீச்சலில் ஊறிய சிங்க் ஆக்சைடு டேப்பின் பசை அதன் பிறகு பழைய பிடிக்கு வராது. சைக்கிளில் கணுக்கால் பக்கவாட்டில் பிரள இடமில்லை. சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கு மாறும் இரண்டாவது மாற்றிடத்தில், பிரேஸை ஷூவோடு சேர்த்து மாட்டிக்கொள்ளலாம்.

ஓடும் முன் சோதனை, ஓடும்போது கவனிப்பு

பெருவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள். 2 விநாடிக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். எழுந்து நின்று, 5 நிமிடம் நடந்து, ஒரு கிலோமீட்டர் மெதுவாக ஓடிப் பாருங்கள். மரத்துப்போதல், ஊசி குத்துவதுபோன்ற உணர்வு, விரல் குளிர்ந்துபோதல் இருந்தால் பாத ஆங்கரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். கத்தரிக்கோலால் வெளி விளிம்பில் 1 செ.மீ. வெட்டிவிட்டாலே பெரும்பாலும் சரியாகும். ஷூ லேஸையும் டேப் கட்டிய காலுக்குத் தனியாகத் தளர்த்திக் கட்டுங்கள்.

புதிய முறையைப் பந்தய நாளில் முதல்முறையாக முயலக்கூடாது. ஒரு குறுகிய ஓட்டம், பிறகு பந்தய தூரத்தின் பாதிக்கு மேல் ஒரு நீண்ட ஓட்டம், அதே சாக்ஸ், அதே ஷூவுடன். இறக்கம் உள்ள பாதையில் ஓடினால் இன்னும் நல்லது.

தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் அல்ட்ரா ஓட்டத்துக்கு 12 மணி நேர வரம்பு. அந்த அளவு நீளும் ஓட்டங்களில் ஒரே கட்டு கடைசி வரை நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். உதவியாளரிடமோ, வழியில் எடுத்துக்கொள்ள முன்பே கொடுத்துவைக்கும் டிராப் பையிலோ சிறிய பொட்டலம் ஒன்று இருக்கட்டும்: உலர்ந்த துண்டு, ஆல்கஹால் துடைப்பான் இரண்டு, மெழுகுத்தாளில் முன்பே வெட்டி ஒட்டிய ஸ்டிரப் பட்டைகள் மூன்று, நீளும் பேண்டேஜ் ஒரு ரோல், மாற்றுச் சாக்ஸ். முழுக் கட்டையும் பிரிக்க வேண்டியதில்லை. மேல் ஆங்கர் ஒட்டியிருந்தால் மேற்பரப்பைத் துடைத்து உலர்த்தி, புதிய ஸ்டிரப் மூன்றும் ஒரு பிகர் எயிட்டும் மேலே போட்டால் போதும். ஓடை கடந்தோ மழையில் நனைந்தோ உள்ளங்காலில் டேப் சுருண்டிருந்தால் மட்டும் முழுவதும் மாற்றுங்கள். சுருண்ட டேப்போடு ஓடுவதைவிட டேப் இல்லாமல் நிதானமாக ஓடுவது மேல்.

கழற்றுதல்

ஓட்டம் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் கழற்றிவிடுங்கள். கட்டோடு தூங்கக்கூடாது, கால் அப்போதுதான் மேலும் வீங்கும். உட்கணுவின் பின்னால் சதை மிருதுவாக இருக்கும் வழியில், கத்தரிக்கோலின் மழுங்கிய முனையில் வாஸ்லின் தடவி, மேலிருந்து கீழாக வெட்டுங்கள். எலும்பின் மேல் வெட்டாதீர்கள். பிறகு டேப்பை மேலே தூக்கி இழுக்காமல், தோலோடு படுத்தவாக்கில் மெதுவாகப் பின்னே மடித்து, மறு கையால் தோலை எதிர்ப்பக்கம் அழுத்திக்கொண்டே உரியுங்கள். விடாத இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவி இரண்டு நிமிடம் விட்டால் பசை இளகும். தோல் உரிந்த இடத்தில் அது ஆறும்வரை மறுபடி டேப் ஒட்ட வேண்டாம். அந்த நாட்களுக்குப் பிரேஸ்.

எப்போது விடுவது

சுளுக்குக்குப் பிறகு குறைந்தது 6 மாதம் நீண்ட ஓட்டங்களிலும் கரடுமுரடான பாதைகளிலும் டேப்போ பிரேஸோ தொடருங்கள். ஆனால் அந்தக் காலத்தில் கணுக்காலுக்குப் பயிற்சி கொடுக்கவில்லை என்றால், மாதங்கள் போனாலும் கால் அதே நிலையில்தான் இருக்கும். மறு சுளுக்கைக் குறைப்பதில் சமநிலைப் பயிற்சிக்கு உறுதியான சான்று உண்டு, டேப் அதற்கு மாற்று இல்லை. தினமும் ஒற்றைக்காலில் 30 விநாடி மூன்று முறை, பிறகு கண்ணை மூடி, பிறகு மடித்த துண்டின் மேல் நின்று. பாதத்தை வெளிப்பக்கம் திருப்பும் தசைகளுக்கு ரப்பர் பட்டையில் 15 வீதம் மூன்று சுற்று, வாரம் மூன்று நாள். குறைந்தது 8 வாரம்.

பிறகு சோதித்துப் பாருங்கள். டேப் இல்லாமல் கண்ணை மூடி அந்தக் காலில் 30 விநாடி, நல்ல கால் அளவுக்கே நிற்க முடிகிறதா? ஒற்றைக்காலில் தொடர்ந்து மூன்று முறை முன்னே தாவினால் இரண்டு காலும் கிட்டத்தட்ட ஒரே தூரம் போகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால், முதலில் சமதளப் பயிற்சி ஓட்டங்களில் டேப்பை விடுங்கள், ஒரு மாதம் கழித்து நீண்ட சாலை ஓட்டங்களில். மலைப்பாதை இறக்கங்களுக்கு மட்டும் கலப்புக் கட்டைக் கடைசியாக விடலாம்.